வாக்குச் சீட்டும் பந்தயச் சீட்டும்

 

நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். தராசும், முழக்கோலும், பேரேடும் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்துக்கள். உண்மையும் நாணயமும் உள்ள வியாபாரி மறுமையில் நபிமார்களோடும், ஸித்தீக்கீன்களோடும், ஷுஹதாக்களோடும் இருப்பார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். இத்தகைய மாண்புடைய தொழிலின் பெயரைத் தாங்கிக்கொண்டு, வியாபாரமல்லாத ஒன்று இன்று நம் கல்லாப் பெட்டிக்கு அருகில் வந்து உட்காரப் பார்க்கிறது. அதைப் பற்றியே இவ்விதழில் பேச விரும்புகிறோம்.

அதற்கு 'முன்கணிப்புச் சந்தை' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். தேர்தலில் யார் வெல்வார், எத்தனை சதவிகித வாக்கு வித்தியாசத்தில் வெல்வார் என்று சீட்டுகள் விற்கிறார்கள். சொன்னது பலித்தால் ஒரு சீட்டுக்கு ஒரு டாலர், பலிக்காவிட்டால் ஒன்றுமில்லை. சீட்டு 60 காசுக்கு விற்றால், அது நடக்க நூற்றுக்கு 60 பங்கு வாய்ப்பு என்று சந்தை எண்ணுவதாகப் பொருள். முடிவு வருமுன்னரே சீட்டை மற்றவருக்கு விற்றுவிடவும் செய்யலாம். பார்வைக்குப் பங்குச் சந்தையைப் போலவே இருப்பதால்தான் வியாபாரிகளின் மனம் அதில் எளிதாக இழுபடுகிறது.

1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கென இது சிறு அளவில் தொடங்கியது. 2024 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலின்போதோ, பாலிமார்க்கெட் என்னும் ஒரே தளத்தில், யார் அதிபர் என்ற ஒரே கேள்வியின்மீது 300 கோடி டாலருக்கு மேல் கைமாறிற்று. பிரெஞ்சுக்காரர் ஒருவர் அத்தேர்தலில் சுமார் 8½ கோடி டாலர் வென்றதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தி கடல் கடந்து வந்து, கைத்தொலைபேசி வழியாக நம் கடைப்பிள்ளைகளின் காதிலும் விழுந்திருக்கிறது. வென்ற ஒருவரின் பெயர்தான் ஊரெங்கும் பரவுகிறது. அவர் எடுத்த ஒவ்வொரு காசும் இன்னொருவர் இழந்த காசு என்பதை யாரும் பரப்புவதில்லை.

சகோதரர்களே! "இதில் என்ன தவறு? மிளகு விலை ஏறும் என்று கணித்து வாங்கி வைக்கிறோம். துணி விலை இறங்கும் என்று கணித்துத் தள்ளிவிடுகிறோம். இதுவும் கணிப்புத்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே வியாபாரக் கணக்கைக் கொண்டே விடை காண்போம்.

மிளகு வாங்கியவர் கையில் மிளகு இருக்கிறது. விலை இறங்கினாலும் அது ஒரு வீட்டு அடுப்பங்கரைக்குப் பயன்படும். விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்குச் சரக்கு என இருவரும் திருப்தியோடு பிரியலாம். வருங்காலத்தைப் பற்றிய பேரம் என்பதற்காக மார்க்கம் எதையும் தடுத்துவிடவில்லை. மதீனாவாசிகள் ஓராண்டு, ஈராண்டுக்குப் பின் விளையும் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அனுமதித்து, அளவும், நிறையும், தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தார்கள். ஸலம் வியாபாரம் என்று நாம் அறிந்திருப்பது அதுவே.

தேர்தல் சீட்டிலோ சரக்கு எங்கே? யாருடைய தேவை அதனால் நிறைவேறுகிறது? இல்லாத ஓர் அபாயத்தை இருவர் கூடி உண்டாக்கி, ஒருவர் பையிலிருப்பதை மற்றவர் பைக்கு மாற்றுகிறார்கள். ஒருவரின் இலாபமும் மற்றவரின் நஷ்டமும் காசுக்குக் காசு ஒன்றே. இதற்கு மார்க்கம் வைத்த பெயர் மைஸிர், அதாவது சூது. ஸூரத்துல் மாயிதா இதை மதுவோடும் சிலை வணக்கத்தோடும் சேர்த்து ஷைத்தானின் செயலாக எண்ணுகிறது. பகையையும் வெறுப்பையும் மூட்டி, தொழுகையை மறக்கடிப்பது அதன் இயல்பென்றும் எச்சரிக்கிறது.

"கருத்துக் கணிப்பைவிடச் சந்தை விலை சரியாக முடிவைச் சொல்கிறதே, அது பயன்தானே?" என்று படித்தவர்கள் வாதிக்கக்கூடும். மதுவிலும் சூதிலும் சில பயன்கள் இருப்பதை ஸூரத்துல் பகராவும் மறுக்கவில்லை. ஆனால் பாவம் பயனை விடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. இலாப நஷ்டம் இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் கணக்கை மூடலாகாது என்பது வியாபாரிக்குத் தெரியாததா?

இங்கே ஸூரத்துர் ரூமின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். பாரசீகர் ரோமரை முறியடித்தபோது மக்கத்துக் குறைஷிகள் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ரோமர் மீண்டும் வெல்வர் என்று வஹீ வந்தது. ஹஸரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் அதன்மீது கொண்ட உறுதியால் உபை பின் கலஃப் என்பவனோடு ஒட்டகங்களைப் பந்தயம் வைத்தார்கள். அவர்கள் குறித்த தவணை குறுகியதாயிருந்தது. வசனத்திலுள்ள சொல் 3 முதல் 9 வரை குறிக்குமென நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கி, தவணையை நீட்டச் சொன்னார்கள். அவ்வாறே ரோமர் வென்றார்கள். இது பந்தயம் விலக்கப்படுவதற்கு முன் நிகழ்ந்தது என்று திர்மிதீ நூலில் காணப்படுகிறது. வென்ற ஒட்டகங்களைத் தருமம் செய்துவிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் தஃப்ஸீர் நூல்களில் வந்துள்ளது.

சற்றே சிந்தியுங்கள். வெற்றி யாருக்கென்று வஹீயே அறிவித்த விஷயத்திலும், சரியான ஆண்டு இதுவென்று எண்ணிக்கை திறந்தே விடப்பட்டது. வஹீயின் உறுதியோடு வைத்த பந்தயத்தின் பொருளும் வீட்டில் தங்கவில்லை. கைத்தொலைபேசியில் நாலு செய்தி படித்துவிட்டு, வாக்கு வித்தியாசத்தைப் புள்ளி பிசகாமல் சொல்வேன் என்று கடை முதலைக் கட்டுகிறவரின் நிலை என்ன? மேற்சொன்ன 2024 தேர்தலில் வாக்குப்பதிவுக்கு மறுநாள் 3 சதவிகிதத்துக்கு மேலிருந்த வித்தியாசம், கலிபோர்னியா முதலிய மாநிலங்களின் வாக்குகள் வாரக்கணக்கில் எண்ணப்பட்டபின் சுமார் 1.5 சதவிகிதமாகச் சுருங்கிற்று. முதல் நாள் எண்ணிக்கையைப் பார்த்து வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கக்கூடியவரின் கதி பிறகு என்னவாகியிருக்கும்?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வாக்களிப்பது ஒரு ஷஹாதத், அதாவது சாட்சியம் என்று பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் போன்ற உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். 'இவர் தகுதியானவர்' என்று அல்லாஹ்வின் முன்னிலையில் நாம் சொல்லும் சாட்சி அது. வழக்கின் தீர்ப்பின்மீது பணம் கட்டியவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற யார் சம்மதிப்பார்? பெரும்பான்மை 5,000-க்குள் இருக்குமென்று பணம் கட்டியவன், தான் நல்லவரென்று நம்பும் வேட்பாளருக்கு வாக்குகள் குவியும்போதும் உள்ளுக்குள் வருந்துவான். நாட்டுக்கு நன்மை வந்தால் அவனுக்கு நஷ்டம். மனிதனின் உள்ளத்தை இப்படித் திருப்பிவிடுவதுதான் இந்தச் சூதின் பெரிய கேடு.

இக்கேட்டைப் பிறரும் உணர்ந்திருக்கிறார்கள். 1591-லேயே போப் பதினான்காம் கிரெகரி, போப் தேர்தலின்மீது பந்தயம் கட்டுவோரை மதவிலக்குச் செய்வதாக ஆணையிட்டார். சிங்கப்பூரின் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் பாலிமார்க்கெட் தளத்தைத் தடுத்தது. உரிமமில்லாதவரிடம் பந்தயம் கட்டினால் அங்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மலேசியாவில் கூட்டரசுப் பிரதேசங்களின் 1997-ஆம் ஆண்டு ஷரீஅத் குற்றவியல் சட்டம் சூதாடும் முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் அபராதத்துக்கு அஞ்சி விலகுவதைவிட, ரிஸ்கை அளிப்பவனுக்கு அஞ்சி விலகுவதே ஈமானுக்கு அழகு.

'நாலு நம்பர்' எடுப்பது ஹராம் என்று கடைப்பிள்ளைகளைக் கண்டிக்கும் முதலாளிமார், இதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். "நம் தொகுதியில் பெரும்பான்மை இத்தனை, தோற்றவர் எல்லோருக்கும் பிரியாணி" என்று கடைவாசலில் நண்பர்கள் கட்டும் பந்தயமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். சூதாட வா என்று வாயால் அழைத்தவர்கூட அதற்காகத் தருமம் செய்யட்டும் என்பது நபிமொழியின் கருத்து. அழைப்புக்கே இப்படியென்றால் ஆட்டத்துக்கு எப்படி?

ஏற்கெனவே இதில் இறங்கியவர்கள் இன்றே கைகழுவி தௌபாச் செய்யட்டும். போனதை மீட்க இன்னும் ஒருமுறை என்னும் எண்ணமே ஷைத்தானின் அடுத்த தூண்டில். வென்ற பணத்தை, உரியவரைக் கண்டு திருப்பிக் கொடுக்க முடியாதபோது, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டுமென்று உலமாக்கள் கூறுகிறார்கள். அந்தப் பணத்துக்கு ஜகாத் கணக்குப் பார்ப்பதால் அது தூய்மையாகிவிடாது. அதைக் கடை முதலில் கலப்பது பாலில் நஞ்சைக் கலப்பதாகும்.

தேர்தல் வரும்போது நாட்டின் நிலையை ஆராய்வோம், விவாதிப்போம், தகுதியானவருக்கு வாக்களிப்போம். வெற்றியையும் வித்தியாசத்தையும் அல்லாஹ்விடம் விட்டுவிட்டு, மறுநாள் காலை பிஸ்மில்லாஹ் சொல்லிக் கடை திறப்போம். ஹலாலான ஒரு வெள்ளியில் இருக்கும் பரக்கத், ஹராமான ஆயிரத்தில் இல்லை. நம் சம்பாத்தியத்தையும், நம் சாட்சியத்தையும், நம் சந்ததிகளையும் வல்ல ரஹ்மான் காத்தருள்வானாக! ஆமீன்.