தார் விளிம்புக்கு வெளியே

சைக்கிளில் வேலைக்குப் போகிறவனைப் பார்த்து எங்கள் ஊரில் முதலில் கேட்பது, “வண்டி ரிப்பேரா சார்?” என்பதுதான். திருக்கோகர்ணத்திலிருந்து கீழராஜ வீதி வரை மிதிக்கிற எனக்கு அது பழகிவிட்டது. ஆனால், புதுக்கோட்டையில் இதைக் கேட்கிறார்களே என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னெடுத்த காரியம் அது. பாடம் சொல்லித்தரும் பெண்கள் பஸ் எட்டாத ஊர்களுக்கெல்லாம் போயாக வேண்டும். கூட்டிப்போக வீட்டு ஆண்களை எத்தனை நாள் எதிர்பார்ப்பது? பாடம் சொல்லித்தந்த பெண்களிடம் தொடங்கியது குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பரவியது. முதலில் ஏளனமும் வசவும் இருக்கத்தான் செய்தன. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளுக்கு மாறியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அதுதான் வேண்டுமென்று கேட்டவர்களும் உண்டு, குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால்!

அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது நேரம். பஸ்ஸுக்கும், அப்பனுக்கும், புருஷனுக்கும், மகனுக்கும் காத்துக்கிடந்த பொழுதெல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. காய்கறி விற்கப் போனவள் இன்னும் நாலு தெரு சுற்றிவிட்டு, தனக்குத் தோன்றியபோது வீடு திரும்பினாள். எப்போது கிளம்புவது, எந்த வழியில் போவது, எங்கே நிற்பது என்று தானே முடிவெடுப்பது சின்ன விஷயம் இல்லை. உழைக்கிறவர்களின் சுதந்திரம் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது.

இன்று டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தெருவுக்குத் தெரு ஸ்கூட்டி நிற்கிறது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால், தவணையும் பெட்ரோலும் போக மீதியில் குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்க்கும்போது, மிதிப்பதை ஏன் இத்தனை அவசரமாகக் கௌரவக் குறைச்சல் ஆக்கினோம் என்று கேட்கத் தோன்றுகிறது. காலையில் ராஜ வீதிகளைக் கவனியுங்கள். ஒருவர் மட்டும் அமர்ந்த கார் ஹாரனடித்து முந்துகிறது. சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா சைக்கிளோடு ஒதுங்குகிறார். வழி விட வேண்டியவர் அவரேதான் என்று யார் முடிவு செய்தது?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம். அந்தச் சைக்கிள் ஓடுகிற ரோட்டையும் அரசு பார்க்க வேண்டும். தார் மேல் தார் போட்டு, விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே பல இடங்களில் அரையடிப் பள்ளம். பின்னால் பஸ் ஹாரன் கேட்டதும் பிள்ளை இறங்க வேண்டியது அதில்தான். இறங்கினால் சக்கரம் சறுக்கும். பள்ளிக்கூடங்களுக்குப் போகும் சாலைகளிலாவது அந்த ஓரத்தை மண் கொட்டிச் சமன்செய்து, கெட்டிப்படுத்திக் கொடுங்கள். இந்த வருஷமே செய்யலாம்.