தங்கவயல் கல்லும் நெருப்பும்



கோலார் தங்கவயல் நமக்கு அந்நியமல்ல. வட ஆற்காட்டிலிருந்து அங்கே சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். 1880-ம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய அந்தச் சுரங்கம், 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் இறங்கி, 2001-ல் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லில் கிடைத்தது சில கிராம் பொன்தான். ஒரு மோதிரத்துக்குக் காணும்.

கண்ணுக்கே தெரியாத பொன்னை எப்படி அளப்பது? கல்லைப் பல இடங்களிலிருந்தும் எடுத்து மாவாக இடித்து, சுமார் 30 கிராம் நிறுத்து, மிருதாரசிங்கி, சோடா, வெண்காரம் இவைகளோடு கொஞ்சம் கோதுமை மாவும் கலந்து மண் மூசையில் உருக்குவார்கள். ஆம், நம் அடுக்களை மாவேதான்! அது மிருதாரசிங்கியை ஈயமாக்குகிறது. அந்த ஈயம் துளித்துளியாய் இறங்குகையில் பொன்னையும் வெள்ளியையும் சேர்த்துக்கொண்டு அடியில் தங்கும்; கசடு மேலே நிற்கும். பிறகு எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணியில் ஈயக்கட்டியை வைத்துக் காய்ச்சினால், ஈயத்தைக் கிண்ணி குடித்துவிடும். ஒரு சிறு மணி பளிச்சென்று மின்னி நிற்கும். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு, மீந்த பொன்னை நிறுப்பார்கள். இன்றைக்கும் நகைக்கு 916 முத்திரை இடுவதற்கு, சிறிது சுரண்டி எடுத்து, இவ்வகை நெருப்பிலேதான் உறுதி செய்கிறார்கள்.

நம் ஆரணி நெசவாளருக்கு இது விளங்கும். அசல் சரிகையில் மேலே பொன், உள்ளே வெள்ளி, நடுவில் சிவப்புப் பட்டு நூல். மேல்மினுக்கைப் பார்த்து யாராவது விலை சொல்லுவார்களா?

சோதிக்கிறவர்களின் மற்றொரு வழக்கம் என் மனதைத் தொட்டது. பொன்னே இல்லாத மாதிரி ஒன்றையும், இவ்வளவு பொன் என்று முன்னமே தெரிந்த மாதிரி ஒன்றையும் அதே சூளையில் கூடவே வைப்பார்களாம். எதற்கு? தங்கள் கையிலும் சூளையிலும் பிழை உண்டோ என்று அறிய. கல்லைச் சோதிக்குமுன் தன்னைச் சோதிக்கிறான்!

அவனவன் வேலையை அக்கினி சோதிக்குமென்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த அக்கினி சர்வேசுரனுடையது, நம் நாக்கிலுள்ளதல்ல. சென்ற மாதம் நம் பங்கில் ஒரு பெண்ணின் நிச்சயதாம்பூலம் நின்றுபோயிற்று. தறி மேடையில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அதைக் கேட்டவர்கள் கூட்டிச் சொன்ன நாலு வார்த்தை, அவ்வளவுதான். இரண்டாம் முறை விசாரித்தவர் ஒருவருமில்லை. அந்தப் பெண் தேவமாதா பீடத்தருகே அழுததை நான் கண்டேன்.

பேசினவர்கள் யாரென்று கேட்கமாட்டேன். அவர்கள் இரு வீட்டாரிடமும் போய், தாங்கள் கண்டது எவ்வளவு, கேட்டது எவ்வளவு என்று சொல்லவேண்டும். தனியே போகக் கூசினால் நான் கூட வருகிறேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் முடிந்தபின் கோயிலிலேயே இருப்பேன்.