மண்வெட்டியும் விழிப்பும்

இல்லறத்தார் மண்ணைக் கொத்தலாமா என்னும் ஐயம் பழமையானது. கொத்துங்கால் ஓரறிவுயிர் முதலாகப் பல உயிர்கள் மாய்கின்றன. ஆயினும் வந்தவாசி, திண்டிவனம் பகுதித் தமிழ்ச் சமணர் நெடுங்காலமாக உழவர்களே. உழவைக் கற்பித்தவர் ஆதிபகவன் விருஷபதேவரே என்பது நம் மரபு. கொல்லும் எண்ணத்துடன் கொல்லுதலாகிய சங்கல்ப இம்சையை இல்லறத்தாருக்கு அறநூல்கள் முற்றும் விலக்கின. தொழில்களில் நேரும் ஆரம்ப இம்சையைக் கூடியவரை குறைக்கச் சொல்லின.

திருவொற்றியூரில் நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை உண்டு. மழைக்காலத்தில் அதன் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் மொய்க்கும். தீப்பந்தம் காட்டிக் கொளுத்துவது ஊர் வழக்கம். நாம் அதைச் செய்வதில்லை. “மண்வெட்டியிலும் புழு சாகிறதே, பாட்டி?” என்று பேரன் கேட்டான். எண்ணம் வேறு என்றோம். “எண்ணூரில் எண்ணெயைக் கசியவிட்டவர்களும் கொல்ல எண்ணவில்லையே?” என்றான்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீன்கள் மாண்டன, கூழைக்கடாக்களின் சிறகுகள் கறுத்தன, மீனவர் பிழைப்பு நின்றது.

பேரனுக்குரிய விடை தத்வார்த்த சூத்திரத்தில் உளது. பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிரைப் போக்குதலே இம்சை என்று வரையறுத்தார் உமாசுவாமி ஆசாரியர். ஆகவே ‘எண்ணவில்லை’ என்னும் சொல் எவரையும் விடுவிக்காது. ஆலைக்கு மட்டுமன்று, கொல்லைக்கும் இதுவே அளவுகோல். புழுக்கள் மேலெழும் ஈரநிலத்தைக் கொத்தாமை, சருகைக் கொளுத்தாமை ஆகியவை சிறு செயல்களே. ஆயினும் விழிப்பு இவற்றில்தான் பயிலப்படுகிறது. கொல்லையில் பழகாத விழிப்பு ஆலையில் திடீரென வாராது.