உரிமையும் உழைப்பும்: வீடு திருத்துதல் பற்றி ஓர் அறவியல் நோக்கு

ஒரு வீடு ஒருவருக்கு எப்பொழுது உரித்தாகின்றது? நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதிக் கையொப்பமிட்ட கணத்திலே என்பது சட்டம் தரும் விடை. ஆயின், புதிதாக ஒரு வீட்டைப் பெற்று, அதன் ஒழுக்கை அடைத்து, வெடித்த சுவரைத் தம் கைகளாலேயே பூசித் திருத்தியவர்கள் இவ்விடையோடு அமைதியடைவதில்லை. உறுதியில் எழுதப்படாத வேறோர் உரிமையும் தமக்கு வந்து சேர்ந்ததாக அவர்கள் உணர்கின்றனர். அவ்வுணர்வு அறத்தின்பாற்பட்டதா, அன்றி வெறும் தற்பெருமையா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

உழைப்பே உரிமையின் ஊற்று என்னும் கருத்தை மேனாட்டுச் சிந்தனையில் வலியுறுத்தியவர்களுள் ஜோன் லொக் முதன்மையானவர். இயற்கைப் பொருளொன்றோடு தன் உழைப்பைக் கலப்பவன் அதனைத் தன்னுடையதாக்கிக் கொள்கின்றான் என்பது 1689 இல் வெளிவந்த அவரது அரசியல் நூலின் வாதம். ஆனால் அதே வாதத்தினுள்ளே, தன் வேலையாள் வெட்டிய புற்கரணும் தனக்கே உரியதென லொக் கொள்வது மனங்கொள்ளத்தக்கது. உழைத்த கை ஒன்று. உரிமை பெறும் பெயர் வேறொன்று.

எமது மரபும் இக்குற்றத்தினின்று நீங்கியதன்று. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பாகுபடுத்துகின்றது. ஒருவர் தம் முயற்சியால் ஈட்டியதைத் 'தேடியதேட்டம்' என வழங்குவது அழகிய வழக்கே. எனினும் அடிமைகளையும் உடைமையாகக் கொண்டு விதிகள் கூறுவதும் அத்தொகுப்பேயாகும். இலங்கையில் அடிமைமுறை 1844 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கைத்தொழிலைப் பிறப்போடு பிணைத்து, அதனைச் செய்வோரை முற்றத்திலேயே நிறுத்திய மனப்பான்மை சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை.

இதனை நூல்களினின்றும் யான் கற்கவில்லை. என் தமக்கையாருக்குச் சீதனமாக வழங்கப்பட்ட வீடு, இடப்பெயர்வினால் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த பழஞ்சுவர், மேலே ஓட்டுக்கூரை. திருத்த வேலையைப் பார்வையிட்ட முதிய மேசன் ஒருவர் கேட்ட கூலி எமக்கு அதிகமாகப்பட்டது. 'இதை நாமே செய்யலாமே' எனக் கூறி அவரை அனுப்பிவிட்டோம். பல்கலைக்கழக விடுமுறையில் அத்தானும் யானும் வேலையைத் தொடங்கினோம்.

கூரை எமக்குப் பணிந்தது. வரிசை வரிசையாக ஓடுகளை இறக்கி, உக்கிய சிலாகைகளை மாற்றி, மீண்டும் அடுக்கினோம். அடுத்த மழைக்கு வீட்டினுள்ளே ஒரு துளியும் விழவில்லை. அன்றிரவு மழையொலியைக் கேட்டவாறு படுத்திருந்தபோது எய்திய நிறைவை எந்தப் பரீட்சைப் பெறுபேறும் எனக்குத் தந்ததில்லை.

சுவர் பணியவில்லை. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சீமெந்தை மிகுதியாகச் சேர்த்துப் பூசினோம். அம்மேசன் இரண்டு நாளில் முடிப்பதாகக் கூறிய வேலைக்கு எமக்கு ஒன்பது நாள்கள் சென்றன. மாரி முடியுமுன்னரே அடிச்சுவரின் பூச்சு பொருமித் தட்டுத்தட்டாகக் கழன்று விழுந்தது. வெட்கத்தோடு அவரையே மீண்டும் அழைத்தோம். அவர் விரல் மொழியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பழஞ்சுவர் மூச்சு விடும், நீங்கள் அதின்ர வாயை அடைச்சுப்போட்டியள்" என்றார். நிலத்தினின்று சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சினூடாக வெளியேறிவிடும். இறுகிய சீமெந்து அதனைத் தடுத்துவிட, ஈரமும் அதனோடு வந்த உப்பும் உள்ளே தங்கிப் பூச்சைத் தள்ளிவிடுகின்றன. சுவரை நனைத்து, சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய படைகளாகப் பூசும் முறையை அவர் எமக்குக் காட்டித் தந்தார். முன்னர் கேட்ட அதே கூலியைத்தான் கேட்டார். குறைத்துக் கேட்க எமக்கு வாய் வரவில்லை.

கூலி மாறவில்லை, எமது கண் மாறிவிட்டது. சுரண்டிய சுவரின் கல்லிடுக்குச் சாந்திலே, அதனைக் கட்டியவரின் விரற்றடங்கள் காய்ந்து இறுகியிருக்கக் கண்டோம். 'பாட்டனார் கட்டிய வீடு' என்றே எம் குடும்பத்தில் அது வழங்கப்படுகின்றது. ஆனால் பாட்டனார் சாந்தகப்பையைத் தொட்டவரல்லர். கட்டியவரின் பெயர் எம்மில் எவருக்கும் தெரியாது.

எனவே, தன் வீட்டைத் தானே திருத்துவதன் பயன் மிச்சம் பிடித்த பணமன்று. எமது கணக்கில் மிச்சம் எதுவும் இருக்கவுமில்லை. 'இது என்னுடையது' என்னும் பெருமிதமும் அதன் முடிந்த பயனன்று. பிறர் உழைப்பின் அருமையைத் தன் தசைநாரால் அறிந்துகொள்வதே அதன் மெய்ப்பயன். காந்தியடிகள் 1904 இல் தென்னாபிரிக்காவில் புகையிரதப் பயணமொன்றின்போது றஸ்கினின் நூலைப் படித்து, வழக்கறிஞர் தொழிலும் நாவிதர் தொழிலும் ஒரே மதிப்புடையன என்னும் முடிவுக்கு வந்தார். நூலைப் படித்து அம்முடிவை ஏற்பது எளிது. ஏணியில் ஒரு பகல் நின்றவருக்கோ அதனை மறுப்பது அரிது.

இதற்கு மறுப்புகள் உள. உடையவர் எல்லோரும் தாமே திருத்தினால் தொழிலாளர் பிழைப்பது எங்ஙனம் என வினவலாம். தன் கையால் சிறிதளவேனும் செய்து பார்த்தவர், தேர்ந்தவரை அழைக்க வேண்டிய இடத்தையும் அவருக்குரிய கூலியையும் அறிவார் என்பதே என் விடை. மின்னிணைப்பிலே கைவைக்க நாம் துணியாமையும் அவ்வறிவின் பாற்பட்டதே. மற்றொரு மறுப்பு இதனினும் கனமானது. 2012 இல் வடக்குக் கிழக்கிலே தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்தத்துக்கு 250,000 ரூபாவும் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டன. வேலையை நிறைவேற்றும் பொறுப்பு பயனாளிகளிடமே விடப்பட்டது. போரில் துணையை இழந்த தாயொருத்தி கல் சுமப்பதையும், விடுமுறை மாணவனொருவன் சுவர் பூசுவதையும் ஒரே சொல்லால் புகழ்தல் தகாது. விரும்பி ஏற்ற உழைப்பே கல்வியாகும். வேறு வழியின்மையால் வந்தது சுமையாகும். முன்னையதன் இனிமையைக் காட்டிப் பின்னையதன் கொடுமையை மறைப்பது அறமாகாது.

தமக்கையாரின் வீட்டுச் சுவர் இன்று உலர்ந்து நிற்கின்றது. அதில் மேசனார் பூசிய பகுதி எது, நாம் பூசிய பகுதி எது என்பதை எவரும் எளிதிற் கண்டுகொள்ளலாம். எமது பகுதி மேடுபள்ளமானது. அதனைச் செப்பனிட வேண்டாமெனத் தமக்கையார் கூறிவிட்டார். 'இதை யார் கட்டினார்கள்?' என அவர் பிள்ளைகள் வினவும் நாளில், இம்முறையாவது சரியான பெயரைச் சொல்ல அது உதவும்.