விடுதலையின் விலை யாருக்குச் சேரும்?

1862 ஏப்ரல் 16 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு எட்டரை மாதம் முந்தைய சட்டம் இது. அரசுக்கு விசுவாசமாக இருந்த உரிமையாளர்களுக்கு, விடுவிக்கப்படும் ஆளுக்குச் சராசரியாக 300 டாலர் வரை ஈட்டுத்தொகை கிடைத்தது. விலையை மதிப்பிட பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வியாபாரியையே வரவழைத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். காலமெல்லாம் கூலியின்றி உழைத்த அவர்களுக்கு ஈடு ஏதுமில்லை. ஹைட்டிக்கோ லைபீரியாவுக்கோ குடிபெயரச் சம்மதித்தால் மட்டும் 100 டாலர் வரை உதவி உண்டு.

அநீதியால் ஆதாயம் பெற்றவருக்கு, அதைக் கைவிடுவதற்காகப் பொதுப்பணத்தைக் கொடுப்பது அறமா?

ஆம் என்போர் இரண்டு வாதங்களை வைத்தனர். அடிமை உடைமையைச் சட்டமே அங்கீகரித்திருந்தது. தெற்கின் பருத்தியை நெய்து வடக்கும் பிழைத்தது. ஆகவே இழப்பை ஒரு சாரார் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது என்பது முதல் வாதம். இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. பாவத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டென்றால், கடன் அடிமைப்பட்டவருக்கே சேரும். கூட்டுக் குற்றவாளிக்கு அல்ல.

இரண்டாவது வாதம் வலுவானது. பணத்தால் முடிவதை ரத்தத்தால் ஏன் முடிக்க வேண்டும்? 1862 மார்ச்சில் லிங்கன் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். ஆளுக்கு 400 டாலர் கொடுத்தாலும், அடிமை முறை இருந்தும் பிரிந்து போகாத எல்லை மாநிலங்களிலும் தலைநகரிலும் உள்ள அடிமைகள் அனைவரையும் விடுவிக்க ஆகும் தொகை, அப்போது நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரின் 87 நாள் செலவுக்கு மேல் போகாது என்றார். அந்தப் போர் கடைசியில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களைப் பலிகொண்டது. பிள்ளையைக் கடத்தியவனுக்குப் பெற்றோர் பணம் கொடுத்து மீட்டால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். அதற்காக அந்தப் பணம் கடத்தியவனின் உரிமையாகிவிடாது. வாஷிங்டன் சட்டமோ அதை உரிமையாகவே மதித்தது. பேரத்துக்கும் பெரிதாக வழியில்லாமல் போயிற்று: அந்த ஆண்டு ஜூலையில் எல்லை மாநிலப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் லிங்கனின் யோசனையை நிராகரித்தனர்.

விடுதலை பெற்றவர்களிடம் என்ன வேண்டும் என்று அரசு கேட்ட அபூர்வமான தருணமும் ஒன்று உண்டு. 1865 ஜனவரி 12, ஜார்ஜியாவின் சவானா நகரம். போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் தளபதி ஷெர்மனும் இருபது கறுப்பினப் போதகர்களைச் சந்தித்தனர். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃப்ரேஸியருக்கு 67 வயது. தனக்கும் மனைவிக்குமாக 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்து விடுதலையை வாங்கியவர் அவர். அவர் கேட்டது நிலம். தம் உழைப்பால் உழுது பிழைக்க நிலம். நான்கு நாளில் ஷெர்மனின் ஆணை வந்தது: கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினர். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டில் நிலத்தைப் பழைய தோட்ட முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அந்தச் செய்தியை, அப்படிக் குடியேறியிருந்த எடிஸ்டோ தீவு மக்களிடம் நேரில் சொல்ல அனுப்பப்பட்டவர் தளபதி ஹோவர்ட்.

1868இல் நிறைவேறிய 14வது அரசியல் சட்டத் திருத்தம், அடிமைகளை இழந்ததற்கு ஈடு கோரும் எந்தக் கோரிக்கையும் செல்லாது என்று அறிவித்தது. முதலாளிகளின் கணக்கு அதோடு முடிந்தது. விடுதலை பெற்றவர்களின் கணக்கை யாரும் திறக்கவேயில்லை.

அடிமைப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு இழப்பீடு தருவதை எதிர்ப்போர் இன்று காலத்தைக் காரணம் காட்டுகின்றனர்: பாதிக்கப்பட்டவர்களும் இல்லை, செய்தவர்களும் இல்லை; யார் யாருக்குத் தருவது? இந்தச் சிக்கல் பொய்யல்ல. இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு 1988 சட்டம் தலா 20,000 டாலர் தந்தபோது, உயிரோடிருந்தவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது. ஆனால் 1865இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஏறக்குறைய 40 லட்சம் பேர் உயிரோடுதான் இருந்தார்கள். தாமதித்தவரே தாமதத்தைக் காட்டிக் கடனைத் தள்ளுபடி செய்துகொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. இழப்பீட்டை ஆராய ஓர் ஆணையம் வேண்டும் என்ற மசோதாவை ஜான் கான்யர்ஸ் 1989இல் பிரதிநிதிகள் சபையில் முதன்முறையாகக் கொண்டுவந்தார். பலமுறை மீண்டும் முன்வைக்கப்பட்ட பிறகு, அது சபையின் நீதிக் குழுவைத் தாண்டவே 2021 ஆயிற்று.