குடியாமையும் அடக்கமும்

“யான் என் பொருளைக்கொண்டு குடிக்கின்றேன், உடம்பு கெடின் எனக்கே கேடு, இதில் உமக்கு யாது வழக்கு?” என்று வினவுவார் நம்மிடையே பலர். இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. அடக்கம் என்பது ஒருவன் தன்னைத்தான் அடக்குதலாகலின், அதிற் பிறர் புகுதற்கு இடமில்லை போலத் தோன்றும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

திருவள்ளுவர் அடக்கமுடைமையை அறத்துப்பாலில் 13 ஆம் அதிகாரமாக வைத்தார். புலால் மறுத்தலையும் அப்பாலிலேயே வைத்தார். கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில் 93 ஆம் அதிகாரமாக, வரைவின் மகளிர்க்கும் சூதிற்கும் இடையே நிறுத்தினார். கள்ளுண்டல் உண்டவனோடு ஒழியும் குற்றமாயின், அதனை விலக்குதலை அடக்கத்தின் அருகே வைத்தல் அமையும். அது குடும்பத்தையும் ஊரையும் உடன் கெடுப்பதாகலின் பொருட்பாலில் வைத்தார் என்பது எம் கருத்து.

உன்னிச்சைக் குளத்தை அறிந்த படுவான்கரை உழவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குளத்துநீர் வாய்க்கால் வழியே முறைப்படி பாயுங்கால், மேல்மடைக்காரன் ஒருவன் இரவில் வாய்க்காலை வெட்டித் தன் முறைக்குமேல் நீர் கொள்வானாயின், “என் வயலுக்குத்தானே பாய்ச்சினேன்” என்று வட்டவிதானையார் முன் சொல்ல இயலுமோ? கடைமடையிற் குடலைப்பயிர் கருகும். வேளாண்மை வெட்டிக் கைக்கு வந்த கூலியும் அத்தகையதே. வீடு செல்லும் வழியில் அது கசிப்புக்காரன் கையிற் புகுமாயின், வறள்வது குடித்தவன் வயிறன்று; உலைவைத்துக் காத்திருப்பாள் வயிறும், கொப்பி வாங்கக் காசு கேட்டு நிற்கும் பிள்ளையின் படிப்புமாம்.

அரசு தடுப்பின் எல்லாம் தீரும் என்பாரும் உளர். 1937 ஒக்டோபர் 1 இல் இராசகோபாலாச்சாரியார் அமைச்சு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1971 இல் அவ்விலக்குத் தமிழ்நாட்டில் நீக்கப்பட்டது, 1974 இல் மீண்டும் வந்தது, பின்னர்த் தளர்ந்தது, 2003 முதல் அரசே சில்லறைக் கடை வைத்து விற்கின்றது! நம் நாட்டிலே போயா நாட்களில் மதுக்கடைகள் அடைக்கப்படும். முன்னாள் மாலையே போத்தலை வாங்கி வைப்பாரும் உளர். கசிப்புக்கோ உரிமமுமில்லை, விடுமுறையுமில்லை. சட்டம் குளக்கட்டுப் போன்றது; வேண்டியதே. ஆயினும் அக்கட்டைக் காக்க உள்ளம் உடன்படாதாயின், உடைதற்கு ஒரு நண்டுவளை போதும்.

ஆணவம் அநாதியே உயிரைப் பற்றி அதன் அறிவை மறைக்கும் இருள் என்பது சைவர் யாவரும் அறிந்தது. அவ்விருள் நீங்கவே திருநீறும் ஐந்தெழுத்தும் வழிபாடும். அது போதாதென்று காசு கொடுத்து மற்றோர் இருளையும் வாங்கியவன், கோயில் வாயிலில் எதனை வேண்டி நிற்கின்றான்?

நெடுநாள் மிகுதியாகக் குடித்துப் பழகினார் சிலருக்கு, அதனைத் திடீரென விடுங்கால் நடுக்கமும் வலிப்பும் நேர்தலுண்டு. அவர் மருத்துவர் துணைகொண்டே விடுதல் வேண்டும். அதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஏனையோர் கூறும் “என்னால் இயலாது” என்னும் சொல்லை மட்டும் யாம் ஏற்பதற்கில்லை. வைகாசியிற் கண்ணகியம்மன் கோயிலின் திருக்கதவு திறந்து சடங்கு நிகழும் நாட்களில், அவருட் சிலர் ஒருதுளியும் தீண்டாது நிற்கக் காண்கின்றோம். அந்நாட்களில் இயன்றது, திருக்கதவு அடைத்த மறுநாள் இயலாமற் போவது யாங்ஙனம்?