தலைவன் எங்கே?

2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள், நியூயார்க் மாநகரில், பெருஞ்செல்வம் கைமாறும் வால் தெருவுக்கு மிக அண்மையிலுள்ள ஜுக்கோட்டிப் பூங்கா என்னும் சிறு திடலில் மக்கள் கூடினர். கூடியவர்கள் மாலையில் கலைந்து செல்லவில்லை. அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, இரண்டு திங்கள் தங்கினர். நூற்றில் ஒருவர் கையில் செல்வம் குவிய, ஏனைய தொண்ணூற்றொன்பது பேரும் நலிவதோ என்பதே அவர்தம் முறையீடு. அவர்களை நோக்கிச் செய்தியாளரும் அரசியலாரும் முதலில் எழுப்பிய கேள்வி ஒன்றே: தலைவன் எங்கே?

தலைவன் இல்லை என்பதே விடையாக வந்தது. அது தற்செயலாக நேர்ந்த குறையும் அன்று. வேண்டாமென்று அவர்களே விலக்கியிருந்தனர்.

ஊர்வலமென்றால் முன்னே நடக்க ஒருவர், மாநாடென்றால் தலைமை தாங்க ஒருவர் என்று பழகிவிட்ட நமக்கு இது புதுமையாகவே தோன்றும். இதனைப் போற்றினோர் உண்டு, தூற்றினோரும் உண்டு. ஆரவாரமெல்லாம் அடங்கிவிட்ட இந்நாளில், இரு சாரார் கூற்றையும் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும். ஏனெனில் இது அமெரிக்கத் தெரு ஒன்றில் நடந்து முடிந்த செய்தி மட்டும் அன்று. குறையுற்றோர் கூடி நிற்க, அவர்களை நாம் எவ்வாறு எதிர்கொள்கிறோம் என்னும் அறக்கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில், அவர்களது முறையீட்டில் உண்மை இருந்ததா என்று பார்ப்போம். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரும் நிதி நிறுவனம் நொடித்தது. மற்ற நிறுவனங்களும் சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்க, அடுத்த திங்களே அமெரிக்கப் பாராளுமன்றம் 70,000 கோடி டாலர் வரை செலவிட இசைவளித்தது. வங்கிகளைத் தாங்கக் கரம் நீண்டது. வீட்டுக் கடனைக் கட்ட இயலாமல் வீட்டையே இழந்த குடும்பங்களோ கணக்கில. 2009 அக்டோபரில் வேலை தேடுவோர் தொகை நூற்றுக்குப் பத்தாயிற்று. பூங்காவில் மக்கள் அமர்ந்திருந்த அதே 2011 அக்டோபரில், அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் வரவுசெலவு ஆய்வு அலுவலகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1979 முதல் 2007 வரை, வரி போக எஞ்சிய வருவாய், உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினருக்கு 275 விழுக்காடு உயர்ந்திருந்தது. அடித்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கோ 18 விழுக்காடே உயர்ந்திருந்தது. செல்வம் செல்வர்களுக்கிடையே மட்டும் சுழன்று வரலாகாது என்னும் திருமறை நெறியை அறிந்த நாம், இம்முறையீட்டைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது.

இனி, தலைவனில்லாக் கூட்டத்தைக் குறை கூறினோர் கூற்றைக் கேட்போம்.

பேச்சு நடத்த ஆளில்லாதவனோடு எவ்வாறு பேசுவது? கோரிக்கை இன்னதென்று சொல்லாதவனுக்கு எதனைக் கொடுப்பது? இது அவர்களின் முதல் வினா. இரண்டாவது வினா இதனினும் கூரியது. தலைவர் இல்லை என்று அறிவிப்பதனால் தலைமை இல்லாமற் போய்விடுமா? 1970களின் தொடக்கத்திலேயே ஜோ ஃப்ரீமன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மகளிர் இயக்கத்தில் தாம் கண்டதைக் கொண்டு இதனை விளக்கி எழுதினார். அமைப்பே வேண்டாமென்னும் கூட்டத்திலும் நண்பர் குழாம் ஒன்று மறைவில் முடிவெடுக்கும். தேர்ந்தெடுக்கப்படாத அத்தலைமையை நீக்கவும் வழியிராது என்பது அவர் கருத்து.

நடந்த நிகழ்ச்சிகளும் இக்குறையைக் காட்டின. ஜுக்கோட்டிப் பூங்காவில் முரசு கொட்டுவோர் நெடுநேரம் முழக்கினர். அண்டை அயலார் வருந்தினர். பூங்காவில் இருந்தோரே சலித்தனர். நேரத்தைக் குறைக்குமாறு பலர் வேண்டியும், கட்டுப்படுத்தும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. அட்லாண்டா நகரில் நடந்தது இன்னும் வருத்தத்துக்குரியது. அங்கும் இவ்வாறே கூடியிருந்த மக்களைக் காண 2011 அக்டோபர் 7ஆம் நாள் ஜான் லூயிஸ் வந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1965இல் செல்மா நகர்ப் பாலத்தில் காவலர் தடியால் மண்டை உடைபட்டவர். அப்போது பாராளுமன்ற உறுப்பினர். அவரைப் பேச அழைக்கலாமா என்று அவையில் கேட்கப்பட்டது. எவரும் எவரினும் உயர்ந்தவர் அல்லர் என்று கூறி ஒருவர் மறுத்தார். ஒருமனதாக முடிவு எட்டப்படவில்லை. வேறு பணி காத்திருந்தமையால் அப்பெரியார் பேசாமலே திரும்பினார். தமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை என்று அவர் சொன்னது அவருடைய பெருந்தன்மை. ஆயினும், மூத்தோர் சொல்லுக்குச் செவி தராத சமத்துவம் எத்தகைய சமத்துவம் என்னும் கேள்வி எஞ்சி நிற்கவே செய்கிறது.

மறு சாராரின் கூற்றும் எளிதில் தள்ளத்தக்கது அன்று.

தலைவனை விலைக்கு வாங்கலாம், சிறையிலிடலாம், பதவி தந்து வாயை அடைக்கலாம். இவற்றையெல்லாம் உலகம் கண்டிருக்கிறது. ஏற்றத்தாழ்வை எதிர்க்க வந்த கூட்டம் தன்னுள்ளேயே ஏற்றத்தாழ்வை வளர்த்தால், வெற்றி கிட்டும் நாளில் பழைய ஆசனத்தில் புதிய ஆள் அமர்வான், அவ்வளவே. அந்தப் பூங்காவின் தொடக்க நாள்களில் பங்கேற்ற மானிடவியல் அறிஞர் டேவிட் கிரேபர், ஆட்சியாளரிடம் கோரிக்கை வைப்பதே அவர்தம் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதாகும் என்றும், வேண்டும் சமுதாயத்தை அத்திடலிலேயே வாழ்ந்து காட்ட வேண்டும் என்றும் வாதிட்டார்.

அவ்வாறு வாழ்ந்து காட்டிய சிலவற்றை நாமும் மெச்சத்தான் வேண்டும். வந்தவர்க்கெல்லாம் விலையின்றி உணவு வழங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான நூல்களோடு ஒரு நூலகம் எழுந்தது. ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாமையால் அவர்கள் கண்ட உபாயம் நம் மனத்தைத் தொட்டது. ஒருவர் ஒரு தொடரைச் சொல்லி நிறுத்துவார். அருகிலிருப்போர் அதனை ஒரே குரலில் திருப்பிச் சொல்வர். அது பின்வரிசைக்கு எட்டும். பெருந்திரளான தொழுகையில் இமாமின் தக்பீரைக் கடைசி வரிசை வரை எட்டச் செய்யும் முகப்பிரை நினைவூட்டும் ஏற்பாடு இது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் தம் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால், அதனைச் செவிமடுக்காதிருக்க இயலாது!

தலைவனின்றி எதுவும் கிட்டாது என்பதும் முழு உண்மை அன்று. பிரான்சு நாட்டில் 2018 நவம்பர் 17ஆம் நாள், எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து, மஞ்சள் மேலங்கி அணிந்த மக்கள் ஊர்தோறும் சாலைச் சந்திப்புகளை மறித்தனர். அவர்களுக்கும் ஒரு தலைவர் இல்லை. ஆயினும் டிசம்பரில் அரசு அவ்வரி உயர்வைக் கைவிட்டது. அதே திங்கள் 10ஆம் நாள் அதிபர் மக்ரோன், குறைந்த ஊதியம் பெறுவோர்க்குத் திங்கள்தோறும் 100 யூரோ கூடுதலாகக் கிடைக்க வழி செய்வதாக அறிவித்தார். அதேவேளையில், பாரிசு நகரின் வெற்றி வளைவு சேதப்படுத்தப்பட்டபோது அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. பிரதமரோடு பேச முன்வந்த சிலரோ, தம் கூட்டத்தாரிடமிருந்தே வந்த கொலை மிரட்டலால் பின்வாங்க நேர்ந்தது. நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து முளைத்தமை காண்க.

இவ்விரு கூற்றுக்கும் இடையே நாம் எங்கு நிற்பது?

சொற்பொருளை ஆராய்ந்தால் சிறிது தெளிவு பிறக்கிறது. தமிழில் ‘தலைவன்’ என்னும்போது உயரம் மனக்கண்ணில் தோன்றுகிறது. உடம்பில் தலை மேலே இருப்பதன்றோ! ஆனால் ‘பொறுப்பு’ என்னும் சொல் ‘பொறு’ என்பதன்வழி வந்தது. சுமப்பது என்பது அதன் பொருள். அரபு மொழியில் பொறுப்பாளரை ‘மஸ்ஊல்’ என்பர். ‘வினவப்படுபவர்’ என்பதே அதன் நேர்ப்பொருள். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே. உங்கள் மந்தையைக் குறித்து வினவப்படுவீர்கள் என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதில் இந்தச் சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. மூவர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்ளச் சொன்னதும் அம்மூவரில் ஒருவரை உயர்த்துவதற்காக அன்று. வழி தவறினால், உணவு தீர்ந்தால், கேட்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதற்காகவே என நாம் கருதுகிறோம்.

அவ்வாறாயின், உயரமான ஆசனம் வேண்டாமென்று மறுப்பது நல்லதே. வினவப்படும் பொறுப்பையும் சேர்த்து மறுப்பதே பிழை. நியூயார்க்கு நிகழ்ச்சியின் பின்விளைவுகளே இதற்குச் சான்று. 2011 நவம்பர் 15ஆம் நாள் விடியுமுன் காவலர் பூங்காவைக் காலி செய்தனர். கூட்டம் கலைந்தது. ஆனால் அதில் பங்கேற்ற சிலர், மறு ஆண்டு நவம்பரில், குறிப்பிட்ட ஒரு பணியைத் தம் தோள்மேல் ஏற்றனர். மருத்துவச் செலவுக்குக் கடன்பட்டுத் திணறியோரின் கடன் பத்திரங்களைக் கடன் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வசூலிக்காமல் அப்படியே தள்ளுபடி செய்தனர். ஏறக்குறைய 7 இலட்சம் டாலர் நன்கொடை கொண்டு 3 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை அவர்கள் அழித்தனர். அங்கே மாலை சூடிய தலைவர் எவருமில்லை. கணக்குச் சொல்லும் கடமையுடையோர் இருந்தனர். பயனும் விளைந்தது.

கூடியவர்களின் கடமையை இதுவரை பேசினோம். கேட்போரின் கடமை என்ன? பெரும்பாலோர் பேசாது விடுவது இதனையே.

2011 அக்டோபர் 15ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தையை நோக்கிச் சென்று தடுக்கப்பட்ட மக்கள், அருகிலிருந்த புனித பவுல் பேராலயத்தின் வாயிலில் கூடாரமிட்டனர். பேராலயத்தார் திகைத்தனர். பாதுகாப்பைக் காரணங் காட்டி 21ஆம் நாள் கதவை அடைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கதவு அவ்வாறு அடைபட்டது அதுவே முதன்முறை. கூடாரங்களை வலிமை கொண்டு அகற்றும் வழியில் நிருவாகம் செல்வதை ஏற்க இயலாமல் 27ஆம் நாள் ஜைல்ஸ் ஃப்ரேசர் என்னும் பாதிரியார் பதவி விலகினார். நான்கு நாள் கழித்துத் தலைமைக் குருவே விலகினார். வறியோர்க்கு இரங்குமாறு உபதேசிக்கும் ஆலயத்தின் வாயிலிலேயே அவ்வுபதேசம் உயிர்பெற்று வந்து நின்றால் என் செய்வது? அப்பேராலயத்தின் இடர்ப்பாட்டைக் கண்டு நாம் நகைக்கவில்லை. நம் பழைய நினைவொன்று நம்மைத் தலைகுனிய வைத்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரபுக் கல்லூரியில் நாம் இளம் ஆசிரியராக இருந்தோம். அங்கே ஆசிரியர்க்கு ஓர் அடுப்பு. மாணவர்க்கு ஓர் அடுப்பு. எங்கள் தட்டில் இறைச்சி ஆணம்; அவர்கள் தட்டில் நீர்த்த பருப்பாணம். ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின் மாணவரெல்லாம் முற்றத்தில் வரிசையாக அமர்ந்து, தத்தம் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தனர். எவரும் பேசவில்லை. மேலாளர் ஊரில் இல்லை. விடுதிப் பொறுப்பு அன்று நம்மிடம். நாம் கேட்ட கேள்வி, "இதற்குத் தலைவன் யார்? எழுந்து வரட்டும், கேட்கிறேன்" என்பதே. ஒருவரும் எழவில்லை. எழுந்தவனின் படுக்கை அஸருக்குள் சுருட்டப்படும் என்பதை அவர்கள் அறிவார்கள், நாமும் அறிவோம். "பேச ஆளில்லையேல் குறையும் இல்லை" என்று சொல்லித் திரும்பினோம். மாலையில் பசி அவர்களை வென்றது. நாம் ஒழுக்கத்தை நிலைநாட்டியதாக எண்ணி மகிழ்ந்தோம்.

பல்லாண்டு கழித்து ஒரு நிக்காஹ் வீட்டில் அம்மாணவருள் ஒருவர், இப்போது ஓரூரில் இமாமாக இருப்பவர், நம் கையைப் பற்றி ஸலாம் கூறினார். பேச்சு அந்நாளை நோக்கித் திரும்பிற்று. அவர் மனக்கசப்பின்றிச் சொன்னது இது: "ஹஜ்ரத், அன்று தாங்கள் அண்டாவைத் திறந்து பார்த்திருக்கலாம்."

பிக்ஹு நூல்களில் வக்காலத்துப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். உரிமை உரியவனுடையது; வக்கீல் அதனை எடுத்துரைப்பவரே. வக்கீல் இல்லாமையால் கடன் தீர்ந்துவிடாது. ஏட்டில் நாம் நடத்திய அப்பாடத்தை முற்றத்தில் மறந்தோம். தலைவன் எங்கே என்னும் கேள்வி அன்று நம் வாயில் விசாரணையாக வரவில்லை. அண்டாவின் மூடியைத் தொடாதிருக்க நாம் தேடிய சாக்காகவே வந்தது.

ஆதலால் நம் முடிவு இதுவே. கூடி முறையிடுவோர், தம்முள் வினவப்படுவோர் சிலரை ஏற்படுத்திக் கொள்ளட்டும். அன்றேல் முரசு கொட்டுவோனே அவையை ஆள்வான், மூத்தோன் பேசாமல் திரும்புவான். கேட்கும் இடத்தில் இருப்போரோ, ஆட்சியாளராயினும் ஆலயத்தாராயினும் முதலாளியாயினும் வீட்டுத் தலைவராயினும், முறையிடுவோர் தலைவரை ஏற்படுத்தும் வரை காத்திருக்க வேண்டா. தலைவனைக் கேட்குமுன் அண்டாவைத் திறந்து பார்க்கட்டும். இரண்டு கடமையும் தனித்தனிக் கடமை. ஒருவர் தம் கடமையில் தவறியதால் மற்றவர் கடமை நீங்கிவிடாது.

அந்த இமாமின் கையை விடுமுன் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார். அன்று முற்றத்தில் அமர்ந்திருந்த மற்றவர்களை இனி எங்குச் சென்று தேடுவோம்!